வேட்டி கட்டினால் மாடிக்கு விடமாட்டார்களாம்

போன ஆடி மாதம் நடந்த விஷயம் இது. கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அது அடங்குகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

என் தாய்மாமா பாண்டிச்சேரியில் முதலியார்பேட்டையில் இருக்கிறார். நான் கடலூர், மஞ்சக்குப்பம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் எங்கள் வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் மாமாதான். பள்ளிக்கூட பீஸ், அக்கா கல்யாணம், அம்மாவின் ஆபரேஷன் என்று எதைச் சொன்னாலும் அதில் அவர் கைக்காசு இருக்கும். ஊரில் ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி. துணி மில்லில் தறிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு அந்த மில் பழைய நிலைமைக்குத் திரும்பவே இல்லை, 2020இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் குடோன் பார்த்துக்கொள்கிறார்.

அவருடைய ஒரே பெண்ணுக்கு ஆனி கடைசியில் நிச்சயம் ஆனது. நல்ல இடம், பையன் தங்கமான பையன். அந்தச் சந்தோஷத்தில், இந்தத் தடவை மாமாவை நாம் ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை. மாமா பெரிய குடிகாரர் எல்லாம் இல்லை, மாதத்துக்கு ஒருநாள், அதுவும் சம்பளம் வாங்கின சனிக்கிழமை, இரண்டு சின்ன பெக்கோடு எழுந்துவிடுவார். அவர் வழக்கமாகப் போகிற பாரில் ட்யூப்லைட்டும் சத்தம் போடுகிற ஃபேனும்தான் இருக்கும். கடல் காற்று வருகிற மாடியில் உட்கார்ந்து ஒரு பீர் குடித்ததே இல்லை, அதுவும் பிறந்ததிலிருந்து பாண்டிச்சேரியிலேயே இருக்கிற மனிதர்.

கூட வேலை பார்க்கிற ஒருவன் சொல்லித்தான் அந்த மாடி பாரைப் பற்றித் தெரியும். போனில் படங்களைப் பார்த்தேன். மூங்கில் நாற்காலி, கம்பியில் தொங்குகிற பல்புகள், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய விலைப்பட்டியல். ஸ்டார் ஓட்டல் மாதிரி எதுவும் இல்லை. ‘கேஷுவல் பார், சும்மா வந்து ரிலாக்ஸ் பண்ணுங்கள்’ என்கிற ரீதியில்தான் அவர்களே போட்டிருந்தார்கள். என்ன உடுத்திக்கொண்டு வரவேண்டும், எதை உடுத்தக் கூடாது என்று ஒரு வார்த்தைகூட இல்லை, நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

குடிக்கிற நாளில் வண்டி எடுப்பதில்லை என்பது எனக்கும் மாமாவுக்கும் பழைய ஒப்பந்தம். கடலூரிலிருந்து பஸ்ஸில் முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் தாண்டி முதலியார்பேட்டையில் இறங்கினேன். ராத்திரி மாமா வீட்டிலேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்புவதாக ஏற்பாடு. நான் போனபோது மாமா தயாராகி வாசலில் நின்றார். நிச்சயத்துக்கு எடுத்த வெள்ளை வேட்டியைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டியிருந்தார், இளநீலச் சட்டை, பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன டைரி. வழக்கமான செருப்பைக் கழற்றிவிட்டுப் புதுத் தோல் செருப்பை மாட்டிக்கொண்டு, “பீச் ரோட்டுப் பக்கம் போறோம்ல மாப்ள, கொஞ்சம் டீசன்ட்டா போவணும்ல” என்றார். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

சாயந்திரம் ஆனால் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் ஆட்டோவிலிருந்து முன்னாடியே இறங்கி, காந்தி சிலை வரைக்கும் நடந்து, கொஞ்ச நேரம் பாறை மேல் அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சனிக்கிழமைக் கூட்டம். கிளிஞ்சல் விற்கிறவர்கள், பலூன்காரர், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்கள். அங்கிருந்து இரண்டு தெரு உள்ளே நடந்தால் அந்த பார்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூல். கறுப்பு டீ ஷர்ட் போட்ட பையன் ஒருவன், காதில் ஒயர். என்னைப் பார்த்து “வெல்கம் சார்” என்றான், பின்னால் வந்த மாமாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“அண்ணா... ஐயா மட்டும்... வேட்டியில மேல விட மாட்டாங்கணா.”

எனக்கு முதலில் புரியவில்லை. என்ன என்று திரும்பக் கேட்டேன். அவன் பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியைக் கையால் விலக்கிக் காட்டினான். தொட்டிக்குப் பின்னால் ஒரு போர்டு, முழுக்க ஆங்கிலத்தில். ஸ்மார்ட் கேஷுவல்ஸ், அதாவது சாதாரணமாக ஆனால் டீசன்ட்டாக உடுத்துவது, அது மட்டும்தானாம். லுங்கி, வேட்டி, கையில்லாத பனியன், செருப்பு எதற்கும் அனுமதி இல்லையாம். லுங்கிக்கும் வேட்டிக்கும் நடுவில் ஒரு கமா, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் படியேறினார்கள். அரை டிராயர், ரப்பர் செருப்பு, கடலில் குளித்துவிட்டு நேராக வந்திருக்கிறார்கள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஒருவன் காலில் மணல் ஒட்டியிருந்தது. பையன் அவர்களுக்கும் “வெல்கம் சார்” சொன்னான். அவர்கள் போன பிறகு அந்தப் படியில் ஈரச் செருப்பின் தடம் வரிசையாக இருந்ததை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

“தம்பி, போர்டுல செருப்பும்தான போட்ருக்கு?”

“அவங்க இங்க தங்கியிருக்கவங்கணா.”

“இங்க ரூமே இல்லையேப்பா.”

அதற்கு அவனிடம் பதில் இல்லை. சரி என்று நான் சட்டத்தைச் சொன்னேன். 2014இல் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது வேட்டிக்காகவே சட்டம் போட்டிருக்கிறார்களே, வேட்டி கட்டியதற்காக ஒருத்தரை உள்ளே விடாமல் இருந்தால் ஜெயில் உண்டு தெரியுமா என்றேன். அவன் யோசிக்கவே இல்லை.

“அது தமிழ்நாடுணா. இது பாண்டி.”

இவ்வளவு டக்கென்று பதில் வருகிறது என்றால் அந்தப் படிக்கட்டுக்குக் கீழே நின்று இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆட்கள் நாங்கள் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பல பேருக்கு மறந்திருக்கும். 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. அதற்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டியிருந்ததற்காக உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். உயர் நீதிமன்ற நீதிபதியை! ஊரே கொதித்தது, சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் பேசியது, அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது. கண்ணியமாக வேட்டி கட்டி வருகிறவரை உடைக்காகத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் போகும். ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டம், முள்ளோடையோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது. மாமாவின் வீட்டிலிருந்து அரை மணி நேரம் தெற்கே போனால் அவருக்காகப் பேசச் சட்டம் இருக்கிறது. அவர் பிறந்த ஊரில் அதைச் சொன்னால் வாசலில் நிற்கிற பையன்கூட மறுத்துப் பேசுகிறான்.

இத்தனைக்கும் அந்த பாரிலிருந்து புதுச்சேரி சட்டமன்றம் நடக்கிற தூரம்தான். அங்கே வேட்டியோடு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், முதலமைச்சரே வேட்டி கட்டுகிற மனிதர். சட்டம் போடுகிற இடத்துக்குப் போதுமான உடை, பீர் குடிக்கிற இடத்துக்குப் போதவில்லை என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

சத்தம் கேட்டு மேனேஜர் இறங்கி வந்தார். என்னிடம்தான் பேசினார், மாமா பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இங்கிலீஷில் ஆரம்பித்தார், நான் தமிழில் பதில் சொன்னதும் தமிழுக்கு வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார், வர்ற கிரவுடு அப்படி, அவங்க அன்கம்ஃபர்டபிளா ஃபீல் பண்ணுவாங்க. நெக்ஸ்ட் டைம் பேன்ட்ல வாங்க, ஒரு ஸ்டார்ட்டர் என் கணக்குல தரேன்” என்றார். அவர் எதிரில் கஞ்சி போட்ட வேட்டியோடு அறுபது வயதைத் தாண்டிய மனிதர் நிற்கிறார், அவர் காதில் விழுகிற மாதிரியே சொல்கிறார். வாழ்நாள் முழுக்கத் துணி நெய்த மனிதரிடம், உன் மேல் இருக்கிற துணி சரியில்லை என்று சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லைதான். தெரியாவிட்டாலும் வயதுக்காவது ஒரு ‘ஐயா’ போட்டு நேராக முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

மாமா என் முழங்கையைப் பிடித்தார். “வா மாப்ள, போலாம்.” கிளம்பும்போது அந்தப் பையனைப் பார்த்து, “எந்த ஊருப்பா நீ?” என்று மட்டும் கேட்டார்.

“பாகூருங்க ஐயா.”

“சரிப்பா, நீ நில்லு. உன் வேல அது.”

பாகூர்ப் பையன். அவன் அப்பாவும் வீட்டில் வேட்டியோ கைலியோதான் கட்டுவார். அவனை அந்த ஸ்டூலில் உட்காரவைத்து, தன் அப்பா மாதிரி இருக்கிறவரைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவன் மேல் அப்போது இருந்த கோபம் தெரு திரும்புவதற்குள் போய்விட்டது.

அப்புறம் எங்கே போனோம் என்றால், மாமா வழக்கமாகப் போகிற அதே முதலியார்பேட்டை பாருக்குத்தான். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் நான் இதையெல்லாம் எழுதுவதே சர்வீஸ் என்றால் என்ன என்று அங்கே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்ததால்தான்.

உள்ளே கால் வைத்ததும் சப்ளையர், அவருக்கும் ஐம்பத்தைந்து வயதிருக்கும், தோளில் துண்டு, “வாண்ணே, பொண்ணுக்கு முடிஞ்சிதாமே, சொல்லவே இல்ல” என்று டேபிளைத் துடைத்தார். துடைத்த ஈரம் காய்கிற வரைக்கும் எங்களை நிற்கவைத்துவிட்டு அப்புறம்தான் உட்காரச் சொன்னார். மாமா வேட்டியில் ஈரம் படக் கூடாது என்று! அவர் அதைச் சொல்லவில்லை, நான் கவனித்தேன். கிளாஸ் இரண்டையும் அடியைப் பிடித்து எடுத்துவந்து வைத்தார், வாய் வைக்கிற விளிம்பில் விரல் படவில்லை. பாட்டிலை எங்கள் எதிரில் காட்டி, 30 மில்லி அளவில் தளும்ப ஊற்றிக் கிளாஸில் கவிழ்த்தார். தண்ணீர் எவ்வளவு என்று மாமாவிடம் கேட்கவில்லை, எனக்கு மட்டும் கேட்டார்.

அவித்த முட்டை சொல்லியிருந்தோம். கத்தி இல்லாமல், ஒரு வெள்ளை நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இன்னொரு முனையை விரலில் சுற்றி இழுத்து, முட்டையைத் தட்டில் வைத்து நாலாக அறுத்தார். மஞ்சள் கரு ஒரு துளிகூட ஒட்டவில்லை, வெட்டிய முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. மேலே மிளகுத்தூள், உப்பு, ஓரத்தில் பொடியாக நறுக்கிய வெங்காயம். மாமா அவர் விரலில் தொங்கிய நூலை இரண்டு விரலால் பிடித்துச் சுண்டிப் பார்த்துவிட்டு, “நாப்பதாம் நம்பர்” என்றார். “தையக்கடைல வாங்குனதுண்ணே” என்றார் சப்ளையர். அந்த ராத்திரியில் மாமா முகம் தெளிந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதுவரைக்கும் அந்த மாடிப்படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

நானும் இந்தத் தொழிலில் இருந்தவன். இருபத்திரண்டு வயதில் பாண்டியில் ஒரு பாரில் இரண்டு வருஷம் சப்ளையராக இருந்தேன், அதனால் உடைக் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். போதை ஏறிய பிறகு கைலி இடுப்பில் நிற்காமல், அவமானப்படுகிற நிலைமையில் எத்தனை பேரைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து டேபிளில் குடும்பத்தோடு வந்தவர்களைச் சங்கடப்படுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். கிளாஸ் உடைந்து தரையெல்லாம் சில்லாகக் கிடக்கும்போது திறந்த செருப்போடு வருகிறவர் காலில் ஏறிவிடும், ஒருத்தருக்கு நானே பாதத்திலிருந்து சில்லு எடுத்துக் கட்டுப் போட்டேன். கம்பெனி பேர் போட்ட பனியனோடு கும்பலாக வந்து இன்னொரு கம்பெனிக் கும்பலோடு மோதினதும் நடந்திருக்கிறது. வாசலில் ஒரு கட்டுப்பாடு வைத்தால் உள்ளே வேலை செய்கிறவனுக்கும் பாதுகாப்பு, அதை அனுபவித்தவன் நான்.

ஆனால் அந்தக் காரணம் எல்லாம் உண்மையாக இருந்தால், ஈரக்காலோடு ரப்பர் செருப்பில் போனவர்களைத்தான் முதலில் நிறுத்தியிருக்க வேண்டும். கணுக்கால் வரைக்கும் இறக்கிக் கட்டின வேட்டியால் யாருக்கு என்ன ஆபத்து? சட்டத்திலேயே கண்ணியமாகக் கட்டியிருந்தால் என்றுதான் இருக்கிறது, அது நியாயமான வார்த்தை. எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பார், நடத்தை எப்படி என்று பார், அதை வைத்து முடிவு எடு. எதைக் கட்டியிருக்கிறார் என்பதை மட்டும் பார்த்து முடிவு எடுத்தால், அங்கே பார்ப்பது உடையை இல்லை, ஆளை. இவர் எவ்வளவுக்குக் குடிப்பார், எந்தத் தெருக்காரர், இவரை ஓரத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்தால் நன்றாக இருக்குமா என்பதையெல்லாம் அந்த வேட்டியில் படித்துவிடுகிறார்கள்.

இது வேட்டியோடு நிற்பதும் இல்லை. சிப்காட்டில் வேலை பார்க்கிற என் சிநேகிதன் ஒருத்தன், ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு போனதற்கு வேறொரு இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டான், பேன்ட், ஷர்ட், காலை முழுக்க மூடின சேஃப்டி ஷூ, போர்டில் போட்டிருக்கிற எல்லாம் அவன் மேல் இருந்தது. 2021இல் டெல்லியில் ஒரு ரெஸ்டாரன்டில் சேலை கட்டிய பெண்ணிடம், சேலை ஸ்மார்ட் கேஷுவலில் வராது என்று சொன்னதாகப் பெரிய பேச்சானது ஞாபகம் இருக்கலாம். எங்கள் ஆபீசில் கணக்குப் பார்க்கிற அக்கா தன் பிறந்தநாளுக்கு இரண்டு தோழிகளோடு போனபோது, உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆர்டர் எடுக்க யாரும் வரவில்லையாம். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, “ஜென்ட்ஸ் பின்னால வர்றாங்களா மேடம்?”

நல்லபடி நடத்துகிற இடமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இந்த விஷயத்துக்குப் பிறகு பாண்டியில் எங்கே போவதானாலும் போன் செய்து கேட்டுவிடுகிறேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு பாரில் போனை எடுத்தவர், “வேட்டி தாராளமா வரலாம் சார். கைலி மட்டும் வேணாம், படிக்கட்டு செங்குத்தா இருக்கு, இறங்குறப்ப ரெண்டு பேரு தடுக்கி விழுந்துட்டாங்க, அதுக்காகத்தான்” என்றார். காரணம் சொன்னார், எங்களுக்காகச் சொன்னார். போய்ப் பார்த்தால் அதே விஷயத்தைத் தமிழில் எழுதி, கண் மட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். இவ்வளவுதான் நான் கேட்பது. முன்கூட்டியே சொல், ஊர் மொழியில் சொல், எல்லாருக்கும் ஒரே மாதிரி வை, காரணம் கேட்டால் சொல்லக்கூடிய கட்டுப்பாடாக இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து நான் மறுபடி அந்த மாடி பாருக்குப் போனேன். ஏன் போனாய் என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள். மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது, வேறு காரணம் இல்லை. பேன்ட், ஷூ, இன் செய்த சட்டை. வாசலில் வேறு பையன். ஒன்றும் கேட்கவில்லை.

மேலே காற்று நன்றாகத்தான் வந்தது, கடல் பாதி தெரிந்தது. உட்கார்ந்ததும் கேட்காமலேயே பாட்டில் தண்ணீரைத் திறந்து வைத்துவிட்டார்கள். சாதாரணத் தண்ணீர் கேட்டேன், இல்லை என்றார்கள். பெக் உள்ளே எங்கேயோ ஊற்றிக் கிளாஸில்தான் வந்தது, அளவை நான் பார்க்கவில்லை. கொண்டுவந்த பையன் கிளாஸை வாய்ப் பக்கம் நாலு விரலால் கவ்விப் பிடித்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நான் சப்ளையராகச் சேர்ந்த முதல் நாளே எங்கள் கேப்டன், சப்ளையர்களுக்கு மேலே இருப்பவர், புறங்கையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். வேர்க்கடலை மசாலா வந்தது, பல்லில் நமுத்தது.

பில்லில் பத்து பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். இதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, ஓட்டலோ ரெஸ்டாரன்டோ பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்று சொல்லிவிட்டது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னதுதான் சரி என்று தீர்ப்புக் கொடுத்தது. நான் எடுக்கச் சொன்னேன். சிஸ்டத்தில் வராது சார் என்றார்கள். 1915க்குப் போன் செய்கிறேன் என்று போனை எடுத்தேன், அது நுகர்வோர் உதவி எண், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஐந்து நிமிஷத்தில் சிஸ்டத்தில் வந்துவிட்டது.

பில்லை மாற்றிக் கொண்டுவந்த பையன் ஒடிசாக்காரன், இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறதாம், ஓரளவு தமிழ் பேசுகிறான். அந்த சர்வீஸ் சார்ஜில் உனக்குப் பங்கு உண்டா என்று மெதுவாகக் கேட்டேன். மேனேஜர் நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். எழுதியிருந்த அந்தப் பத்து பர்சன்ட்டை அப்படியே அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைச் சட்டைப்பையில் வைக்கவில்லை, சாக்ஸுக்குள் வைத்தான். எனக்கு அதற்கு மேல் அங்கே உட்காரத் தோன்றவில்லை.

இறங்கும்போது மேனேஜரைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்த எங்கள் மாமாவை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். எனக்கு அவரிடம் சண்டை போட வேண்டும் என்று இல்லை. அந்த போர்டைத் தமிழிலும் எழுதித் தொட்டிக்கு முன்னால் வையுங்கள், வேட்டி என்ற வார்த்தையை அழித்துவிடுங்கள், இரண்டே விஷயம் என்றேன். முதலாளியிடம் சொல்வதாகச் சொன்னார். போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். தொட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் மாமா ஒருநாள் ராத்திரி போன் செய்தார். கல்யாணம் கார்த்திகையில், ரிசப்ஷனை மட்டும் மாப்பிள்ளை வீட்டார் பாண்டியில் ஒரு ஓட்டல் ஹாலில் வைக்கிறார்கள். சாப்பாடு, பத்திரிகை, யார் யாருக்குத் துணி எடுக்க வேண்டும் என்று எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது, “மாப்ள, அந்த ஓட்டல்ல வேட்டியோட விடுவாங்கல்ல? இல்லன்னா இப்பவே ஒரு பேன்ட் தைக்கக் குடுத்துடறேன்” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். பெண்ணின் அப்பா, பெண்ணின் ரிசப்ஷனுக்கு.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த ஓட்டலுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், “என்ன சார் இப்படிக் கேக்குறீங்க, பொண்ணோட அப்பா வேட்டிதான சார் கட்டுவாரு” என்றது. உடனே மாமாவைக் கூப்பிட்டேன்.

“கேட்டுட்டேன் மாமா. வேட்டியே கட்டிக்கலாம், ஒரு பிரச்சினையும் இல்ல.”

“அப்படியா, சரி சரி” என்றார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, குடோனில் யாரோ மூட்டை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“செருப்பு?” என்றார்.